பேண்டேஜ் நெய்யும் ஊரில் கால்வலி

(ராஜபாளையத்தில் மாலை நேர வாசகர் கூட்டம் ஒன்றில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். வேலை பார்ப்பது இங்கே, ராஜபாளையத்தில். இரண்டு ஊருக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இருபது வருஷமாக அந்தத் தூரத்தைப் பஸ்ஸில் போய் வருகிறேன். இயன்முறை மருத்துவம் என் தொழில் என்றாலும் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. படிக்கிற பிள்ளைகள் ‘பிசியோ’ என்கிறார்கள். ஆச்சிமார் ‘கால்வலி டாக்டரம்மா’ என்கிறார்கள். இரண்டாவது பெயர்தான் எனக்குப் பிடித்தது. அவர்கள் எதற்காக என்னைத் தேடி வருகிறார்கள் என்பது அதிலேயே இருக்கிறது.

வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பயப்படும்படியான நோய் எதுவும் இருக்காது. “காலையில எந்திரிச்சு முதல் அடி வைக்கும்போது குதிகால்ல ஊசி குத்துற மாதிரி இருக்கும்மா.” “உக்காந்தா எந்திரிக்க முடியல.” “கழுத்துல இருந்து விரல் வரைக்கும் மதமதன்னு இருக்கு.” “இடுப்புல வாயு பிடிச்சுக்கிருச்சு.” இப்படிச் சொல்லிவிட்டு, கூடவே கொஞ்சம் கூச்சத்தோடு இன்னொன்றும் சொல்வார்கள்: “இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வரக் கூடாதுதான்.”

வர வேண்டும். எங்கள் ஊர் மடவார்வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயில் இருக்கிறது. சுவாமியின் பெயரே வைத்தியர். மதுரையை ஆண்ட திருமலை நாயக்கருக்குத் தீராத வயிற்றுவலி இருந்ததாகவும், இந்தச் சன்னிதிக்கு வந்து வேண்டிய பிறகு தீர்ந்ததாகவும் ஊரில் கதை உண்டு. அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அற்புதம் நடந்தது என்பது இல்லை. அவ்வளவு பெரிய மன்னரைப் பற்றிய கதையில் ஒரு வயிற்றுவலிக்கு இடம் கொடுத்திருக்கிறார்களே, அதுதான். பெரிய நோய் ஆளைக் கொல்லலாம். சின்ன வலி, ஆள் உயிரோடு இருக்கும்போதே அவர் உலகத்தைச் சுருக்கிவிடும். முதலில் தேரோட்டத்துக்குப் போவது நிற்கும். அப்புறம் கல்யாண வீட்டுக்குப் போவது நிற்கும். அப்புறம் மாடிக்குத் துணி காயப்போடப் போவது நிற்கும். வீட்டில் யாருக்கும் இது கண்ணில் படாது.

இன்றைக்கு நான் பேச வந்தது இந்தச் சின்ன வலிகளைப் பற்றியும், அந்த வலியால் நின்றுபோன நடமாட்டத்தை எப்படித் திரும்பப் பிடிப்பது என்பதைப் பற்றியும்தான்.

நம் பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், அய்யன்கொல்லங்கொண்டான் என்று வரிசையாகத் தறிச் சத்தம் கேட்கிற ஊர்கள் இருக்கின்றன. அங்கே நெய்வது சேலை இல்லை, வேட்டி இல்லை. பேண்டேஜ் துணி. உலகத்தில் எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் யாருக்கோ கட்டுப் போடுகிற துணி இங்கே ஓடுகிறது. அந்தத் தறியில் நிற்கிற ஓர் அக்கா போன வருஷம் என்னிடம் வந்தார். வயது நாற்பத்தாறு. இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிவிடும். “தினம் கொஞ்சம் நடங்க அக்கா” என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டேதான வேலை பாக்குறேன்? இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ் வேணும்ங்கிற?”

அந்தக் கோபம் நியாயமானது. இந்த ஊரில் 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா பஞ்சாலை தொடங்கிய காலத்திலிருந்து, மூன்று தலைமுறை நின்றுகொண்டே உழைத்திருக்கிறது. ரிங் பிரேமுக்கு முன்னால் அறுந்த இழையை முடிந்துகொண்டே நடக்கிற பெண், ஒரு ஷிப்டில் பல கிலோமீட்டர் நடந்துவிடுவார். அவரிடம் போய் ‘நீங்கள் உடற்பயிற்சி செய்வதில்லை’ என்று சொன்னால் அது அவமானப்படுத்துவது போலத்தான் படும். ஆகவே அந்த அக்காவின் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

லண்டனில் ஜெரி மாரிஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் மாரடைப்பு ஏன் பெருகுகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவர் லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களைக் கணக்கெடுத்தார். டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ், ஒரே புகை, ஏறக்குறைய ஒரே வாழ்க்கைத் தரம். ஆனால் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். 1953-இல் அவர் வெளியிட்ட முடிவு: கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் கொஞ்சம் வயதான பிறகே வந்தது. மாரிஸ் அதோடு விடவில்லை. ஒருவேளை குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போகிறார்களோ என்று தன் முடிவையே சந்தேகப்பட்டார். சீருடைக் கால்சட்டையின் இடுப்பளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். வேலைக்குச் சேரும்போதே டிரைவர்களுக்கு இடுப்பு கொஞ்சம் பெரிதுதான் என்று தெரிந்தது. அதையும் 1956-இல் ஒளிக்காமல் எழுதினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற அரசு ஊழியர்களை எடுத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் வேர்க்க வேர்க்க உடம்பை அசைக்கிறவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1973-இல் சொன்னார். நான் மாணவியாக இருந்தபோது படித்ததில், ஒரு விஞ்ஞானி எப்படி நேர்மையாக இருக்க வேண்டும் என்று எனக்குப் புரிய வைத்தது அந்த இடுப்பளவுக் கதைதான். அவர் 2009-இல் இறக்கும்போது வயது 99.

அப்படியானால் தறியில் நிற்கிற அக்காவுக்கும் அந்தக் கண்டக்டரைப் போல நன்மை கிடைக்க வேண்டுமே? 2021-இல் கோபன்ஹேகனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பத்து வருஷம்போலத் தொடர்ந்து பார்த்திருந்தார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இதய நோய் குறைந்தது. வேலையில் உடம்பை வருத்தியவர்களுக்கு அது கூடியது. ஒரே உடம்பு, ஒரே தசை, இரண்டு விதமான பலன். காரணம் என்ன என்று இன்னும் வாதம் நடக்கிறது. எனக்குச் சரியென்று படுகிற விளக்கம் இது. வேலையில் நாம் நிற்பது நீண்ட நேரம், குறைந்த வேகம், இடையில் ஓய்வு நம் கையில் இல்லை. இதயம் நன்றாகத் துடித்து, மூச்சு வாங்கி, பிறகு ஆசுவாசப்படுகிற அந்த ஏற்ற இறக்கம் அதில் கிடைப்பதில்லை. கண்டக்டர் படியேறினார், மூச்சு வாங்கினார், இறங்கினார், நின்றார். தறிக்கு முன்னால் நிற்கிறவருக்கு அது இல்லை.

காலுக்குள் நடப்பதும் இதுதான். கால் ரத்தம் இதயத்துக்கு மேல்நோக்கி ஏற வேண்டும். அதைத் தள்ளிவிடுவது கெண்டைக்கால் சதை. அது சுருங்கும்போதெல்லாம் ரத்தக் குழாயைப் பிழிந்து ஏற்றுகிறது. குழாய்க்குள் இருக்கிற சின்னச் சின்ன வால்வுகள் அதைத் திரும்ப இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அசையாமல் நின்றால் பம்பு ஓடவில்லை. ரத்தம் தேங்குகிறது, குழாய் விரிகிறது, வால்வு மூடவில்லை, நரம்பு புடைக்கிறது. அந்த அக்காவுக்கு நான் சொன்னது: தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், இருபது தடவை, மணிக்கு ஒருமுறை. அதற்கு யாரும் சம்பளம் பிடிக்க முடியாது. வீட்டுக்குப் போனதும் கால் மணி நேரம் காலைச் சுவரில் சாய்த்து உயர்த்திப் படுங்கள். வேலைக்குப் போகாத நாளில் கையில் பையில்லாமல், எந்தக் காரியமும் இல்லாமல், மூச்சு வாங்குகிற வேகத்தில் நடங்கள். “காரியம் இல்லாம நடக்கிறதா?” என்று அவர் சிரித்தார். நம் பெண்களுக்கு அது பழக்கமே இல்லை.

இனி ஓய்வு. நம் ஊரில் வலி வந்தால் முதல் வைத்தியம் படுக்கை. மருமகள் ‘நீங்க படுங்க அத்தை’ என்பாள், அது பாசம். மகன் ‘அசையாதீங்கப்பா’ என்பான், அதுவும் பாசம். நானே பல வருஷம் இடுப்புவலிக்காரர்களை ஒரு வாரம் படுக்கச் சொல்லியிருக்கிறேன். அது பிழை என்று இங்கே வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். 1995-இல் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. திடீர் இடுப்புவலி வந்தவர்களில் ஒரு பகுதியினரை இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். இன்னொரு பகுதிக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்றாவது பகுதியினரிடம், வலி விடுகிற அளவுக்கு உங்கள் வழக்கமான வேலைகளைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். சீக்கிரம் தேறியது மூன்றாவது பகுதிதான். படுத்தவர்கள்தான் கடைசி. படுத்தது இரண்டே நாள் என்பதைக் கவனியுங்கள்.

அதைவிட என்னை உலுக்கியது அமெரிக்காவில் டல்லஸ் நகரில் 1966-இல் நடந்தது. இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேர், நல்ல ஆரோக்கியம். அவர்களை மூன்று வாரம் கட்டிலிலேயே கிடக்க வைத்தார்கள். உடம்பு மூச்சுக்காற்றை எடுத்து வேலையாக மாற்றுகிற திறன், அந்த மூன்று வாரத்தில் கால் பங்குக்கும் மேல் இறங்கிவிட்டது. பிறகு 1996-இல், அதாவது முப்பது வருஷம் கழித்து, அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்தார்கள். ஐம்பது வயது, எடை கூடி, தொப்பை விழுந்து இருந்தார்கள். மறுபடி அளந்தார்கள். முப்பது வருஷ முதுமை அவர்களிடமிருந்து பறித்தது, அன்றைக்கு மூன்று வாரப் படுக்கை பறித்ததைவிடக் குறைவாக இருந்தது.

அடுத்துச் சொல்வதை, இங்கே ஐம்பதைத் தாண்டி உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். அந்த ஐந்து பேரையும் ஆறு மாதம் பயிற்சியில் விட்டார்கள். நடை, மெது ஓட்டம், ஒரே இடத்தில் நிற்கிற சைக்கிள். முதலில் கொஞ்சமாக, மாதாமாதம் கூட்டி. ஆறு மாதத்தில் அவர்களுடைய அந்தத் திறன் இருபது வயதில் படுப்பதற்கு முன் இருந்த அளவுக்குத் திரும்பியது. ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும், ‘இனிமே என்னம்மா, வயசாயிருச்சு’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்த ஐந்து பேரும் என் கண்முன் வந்து நிற்கிறார்கள்.

அவசரப்பட்டுத் திரும்புவதும் ஆபத்து. அதை என் உடம்பிலேயே பார்த்தேன். 2006-இல் தமிழ்நாடு முழுக்கச் சிக்குன்குனியா பரவியது இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கும் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, மூட்டுவலி மாதக்கணக்கில் இருந்தது. கைவிரலை மடக்கித் தம்ளரைப் பிடிக்க முடியாது. அந்த ஆறு ஏழு மாதம் வீடு, கிளினிக், கட்டில். நான் சின்ன வயதிலிருந்து அப்பாவோடு ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறவள். அடுத்த வருஷ ஆடியில் வலி இல்லை, அதனால் உடம்பு பழைய உடம்பு என்று நினைத்துத் தாணிப்பாறையில் ஏறத் தொடங்கிவிட்டேன். வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை என்று எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தேன். இறங்கும்போது தொடை நடுங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு பாறைக்கும் யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. மறுநாள் கொஞ்சம் வலி. அதற்கு அடுத்த நாள் கட்டிலிலிருந்து எழுந்து நிற்க முடியவில்லை.

சதுரகிரி போய்வந்த எத்தனையோ பேர் இந்த வலியோடு என்னிடம் வருகிறார்கள். ‘ஏறும்போது ஒண்ணும் தெரியல, வந்த மூணாம் நாள்தான் பிடிச்சுக்கிருச்சு’ என்பார்கள். அதன் காரணம் தெரிந்தால் பயம் போய்விடும். ஏறும்போது தொடைச் சதை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே சதை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது, பிரேக் போல. நீளும்போது பாரம் தாங்குவதில்தான் சதையின் நுண்ணிய இழைகளில் சின்னச் சின்னக் கிழிசல் விழுகிறது. அது ஆறத் தொடங்கும்போது வீக்கமும் வலியும் வருகின்றன. ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகத் தணியும். லாக்டிக் அமிலம் தேங்கியது என்று சொல்வார்கள், அது சரியில்லை. அந்த அமிலம் நீங்கள் மலையடிவாரத்தில் உட்கார்ந்து டீ குடிப்பதற்குள் போய்விடும். இன்னொரு நல்ல விஷயம், ஒருமுறை இப்படி வலித்த சதை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை அவ்வளவு வலியில்லாமல் செய்யும். சதைக்கும் நினைவு உண்டு. ஆகையால் அமாவாசைக்கு ஒரு மாதம் முன்பே, ஒரு சின்னக் குன்றிலோ, நாலு மாடிப் படிக்கட்டிலோ, ஏறுவதைவிட இறங்குவதைப் பழகிவிட்டுப் போங்கள்.

தொடைவலி ஆறிவிடும். மலையில் நெஞ்சுவலி வந்து திரும்பாதவர்களின் செய்தியும் நம் பத்திரிகைகளில் அவ்வப்போது வருகிறது. அதை விதி என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 1993-இல் அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்த 1,228 பேரிடம், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். வாரம் ஒருமுறைகூட உடம்பை வருத்தாமல் இருந்தவர் திடீரென்று கடுமையாக உழைத்தால், அந்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வருகிற வாய்ப்பு அவருக்கே வழக்கமாக உள்ளதைப் போல நூறு மடங்குக்கும் மேல் ஏறியது. வாரம் ஐந்து தடவையாவது பழகியவருக்கு அது இரண்டரை மடங்குக்குள் நின்றது. மலை ஒன்றுதான். பழகாத கால் போகிறதா, பழகிய கால் போகிறதா என்பதில் இவ்வளவு வித்தியாசம். ஆடிக்கு ஏறப் போகிறவர் நடையைச் சித்திரையிலேயே தொடங்க வேண்டும். ஆடி பிறந்த பிறகு தொடங்கினால் அந்த வருஷம் அடிவாரத்திலேயே கும்பிட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், ஐம்பது தாண்டியவர்கள் ஏறுவதற்கு முன் டாக்டரைப் பார்த்து இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

முழங்காலுக்கு வருகிறேன். ‘தேய்ஞ்சுபோச்சுன்னு எக்ஸ்ரேயில சொல்லிட்டாங்க, இனிமே நடந்தா இன்னும் தேயும்ல?’ இதைக் கேட்காத நாளே கிடையாது. தேய்மானம் என்ற சொல்தான் இதில் பாதிக் கெடுதல் செய்கிறது. செருப்பு தேய்வது போல முழங்கால் தேய்கிறது என்று எண்ண வைத்துவிட்டது. மூட்டுக்குள் எலும்பின் முனையை மூடியிருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அதன் சாப்பாடு சுற்றியுள்ள மூட்டுத் திரவத்திலிருந்து வர வேண்டும். பாரம் விழும்போது அது அமுங்கித் திரவத்தை வெளியே விடுகிறது, பாரம் விலகும்போது உறிஞ்சிக்கொள்கிறது. சர்ஜிக்கல் பஞ்சு செய்கிற ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அமுக்கி விட்டால்தானே பஞ்சு உறிஞ்சும்? அசையாத மூட்டு பட்டினி கிடக்கிற மூட்டு. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழுகிற பாரம் நான்கு கிலோ குறைகிறது என்றும் அளந்திருக்கிறார்கள். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

முழங்காலுக்கு நான் கொடுக்கிற முதல் பயிற்சிக்குக் கருவி வேண்டாம். நாற்காலி போதும். கையை ஊன்றாமல் எழ வேண்டும், மெதுவாக உட்கார வேண்டும். முடியவில்லையா, அடியில் இரண்டு தலையணை வையுங்கள். பத்து நாளில் ஒன்றை எடுத்துவிடலாம். நம் முன்னோர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் உட்கார்ந்து காய் நறுக்கி, ஒரு நாளில் இருபது முப்பது தடவை தரையிலிருந்து எழுந்தார்கள். யாரும் அதைப் பயிற்சி என்று சொல்லவில்லை. டைனிங் டேபிள் வந்ததை நான் குறை சொல்லவில்லை, மூட்டு வலிப்பவருக்கு அது வேண்டும்தான். வலிக்காதவரும் தரையை மறந்துவிட்டாரே என்பதுதான் என் வருத்தம்.

குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்கிலை போட்டு ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் உண்டு. சூடு இதமாக இருக்கும், செய்யுங்கள். கெண்டைக்கால் சதையை நீட்டுகிற பயிற்சியும் கூடவே வேண்டும், அது இல்லாமல் வலி திரும்பும். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் அந்தச் சூட்டுக்கல் பக்கமே போகக் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்துபோனதுகூடத் தெரியாது. உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு சுற்றிவிட்டுக் கொப்புளத்தோடு வந்தவர்களுக்கு நானே கட்டு மாற்றியிருக்கிறேன். விடியற்காலையில் சுற்றுங்கள், ஆண்டாள் அப்போதும் இருப்பாள்.

சர்க்கரை என்றதும் இன்னொன்று. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளிவந்த தேசிய ஆய்வு சொல்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடை. நியூசிலாந்தில் 2016-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது சர்க்கரை நன்றாகக் குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அந்த வித்தியாசம் அதிகம் தெரிந்தது. பால்கோவா ஊரில் பிறந்த எனக்கு இனிப்பை விடச் சொல்ல வாய் வராது. அளவைக் குறைத்து, சாப்பிட்டதும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள் என்பேன்.

எவ்வளவு நடக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது வாரத்துக்கு 150 நிமிடமாவது, அதோடு இரண்டு நாள் சதைக்கு வலுவூட்டுகிற பயிற்சி. பத்தாயிரம் அடி என்று எல்லோர் போனிலும் ஒரு கணக்கு ஓடுகிறது. அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயர். மருத்துவ ஆராய்ச்சியிலிருந்து வந்த எண் கிடையாது. வயதான பெண்களை வைத்து 2019-இல் செய்த ஆய்வில் நாலாயிரத்துச் சொச்சம் அடியிலேயே பலன் தெரியத் தொடங்கி, ஏழாயிரத்து ஐந்நூறு வாக்கில் நின்றுவிட்டது. பத்தாயிரம் முடியவில்லை என்று ஒருவர் நடப்பதையே விட்டால், அந்த எண் அவருக்குச் செய்தது கெடுதல்தான்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2022-ஆம் வருஷக் கணக்குப்படி இந்தியாவில் போதிய உடல் இயக்கம் இல்லாத ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 57 சதவீதம். சோம்பல் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வருகிறது. ஏழரைக்கு டிபன் கட்ட வேண்டும். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற பெண்ணுக்கு மெஷினில் உட்கார்ந்தால் எழுகிற நேரம் முதலாளி கையில். சாயங்காலம் நடக்கலாம் என்றால் தெருவிளக்கு இல்லை, நாய்த் தொல்லை, நடைபாதையில் வண்டிகள். 2023 நவம்பரில் அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை அமைக்கிற திட்டத்தைத் தொடங்கியது. நான் வரவேற்கிறேன். ஆனால் எட்டு கிலோமீட்டர் நடக்கிறவர் ஏற்கெனவே நடக்கிறவர். என் ஆச்சிமாருக்கு வேண்டியது இருநூறு மீட்டர், வெளிச்சம், நடுவில் உட்கார ஒரு பெஞ்சு, பக்கத்தில் ஒரு கழிப்பறை. அதை ஒவ்வொரு வார்டிலும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். படுக்கையில் கிடப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். இது தெரியாமல் வருஷக்கணக்கில் கிடப்பவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் போதும்.

விட்டதைத் திரும்பத் தொடங்குகிறவர்களுக்கு என் வழி இதுதான். முன்பு எவ்வளவு செய்தீர்கள் என்பதை மறந்துவிடுங்கள். இன்று சிரமமில்லாமல் எவ்வளவு முடியும் என்று பாருங்கள், அதில் பாதியில் தொடங்குங்கள். பத்து நிமிடம் நடக்க முடிந்தால் ஐந்து நிமிடம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் சரி. செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடருங்கள். வராவிட்டால் விட்டுவிடாதீர்கள், அளவைக் குறையுங்கள். வாரத்துக்கு வாரம் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். நடுவில் கல்யாணம் வரும், மழை வரும், காய்ச்சல் வரும். பத்து நாள் நின்றால், நின்ற இடத்திலிருந்து இரண்டு படி கீழே இறங்கித் தொடங்குங்கள்.

எல்லா வலியும் நடந்து தீர்க்கிற வலி கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி, திடீர் வியர்வை, மயக்கம் வந்தால் உடனே நின்று ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இடுப்புவலியோடு சிறுநீர் அடக்க முடியாமலோ வராமலோ போனால், இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்துப்போனால், பாதம் தொங்கினால், ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக வலித்தால் அதைத் தேய்த்துவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

நேரமாகிவிட்டது. ஓர் ஆச்சியைப் பற்றிச் சொல்லி நிறுத்துகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், எழுபத்தொரு வயது. எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலையில் குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் இருக்கிறார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். ஆச்சி ஆறு வருஷமாக மலை ஏறவில்லை. முழங்கால். போன பங்குனியில் அவர் மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். “மாத்திரை வேண்டாம், எண்ணெய் வேண்டாம், எனக்கு மலை ஏறணும், அதுக்கு என்ன செய்ய, அதைச் சொல்லு தாயி” என்றார். இரண்டு தலையணை போட்ட நாற்காலியில் தொடங்கினோம். சித்திரையில் ஒரு தலையணை. வைகாசியில் அவர் வீட்டு நடைப்படி மூன்று, ஏறி இறங்க. ஆனியில் பேரனோடு தேரடி வரை. ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்கப் போய், கூட்டத்தில் நின்றதில் முழங்கால் வீங்கி, பத்து நாள் நின்றுபோனது. மகள் போதும் என்றார். ஆச்சி விடவில்லை. மறுபடி நடைப்படி.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, கூட்டம் வருவதற்கு முன், விடிகிற நேரத்தில் போனார்களாம். பாதிப் படியில் ஆச்சி உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து கோபுரம் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிட்டார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, ஒவ்வொரு படியாக, பேரன் தோளைப் பிடிக்காமல் இறங்கினார். திங்கட்கிழமை கிளினிக்குக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே என்னிடம் கேட்டார்: “இறங்கும்போதுதான் தொடை நடுங்குச்சு. அதுக்கு என்ன செய்யணும்?”